கொலஸ்ட்ரால் ஊசியும் பிசிஎஸ்கே9 புரதமும்: கல்லீரல் செல்லுக்குள் நடப்பது என்ன?

ஆண்டுக்கு இரண்டு முறை போட்டுக்கொண்டால் போதும் என்று சொல்லப்படும் கொலஸ்ட்ரால் ஊசியைப் பற்றிய செய்திகள் வரும்போதெல்லாம் சில கேள்விகளும் சேர்ந்தே வருகின்றன. இது தடுப்பூசியா? நம் மரபணுவை மாற்றிவிடுமா? கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தினமும் விழுங்கும் ஸ்டாட்டின் மாத்திரையை விட்டுவிடலாமா? மாத்திரை தினமும் தேவைப்படும்போது ஊசி மட்டும் எப்படி ஆறு மாதம் தாங்குகிறது?

தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு இவை பொழுதுபோக்குக் கேள்விகள் அல்ல. இந்நாட்டு இந்திய வம்சாவளியினரிடம் இதயத் தமனி நோய் அதிகம் என்பதும், அது இளவயதிலேயே தாக்குகிறது என்பதும் பல பத்தாண்டுகளாக மருத்துவர்கள் சொல்லிவருபவை. சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ லெனேசியாவிலோ ஐம்பது வயதைத் தாண்டுமுன் மாரடைப்பு கண்ட ஒருவரையாவது அறியாத குடும்பம் அரிது.

மேலே உள்ள கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கல்லீரல் செல்லுக்குள் எண்டோசோம் என்ற சிறு அறை உண்டு. செல்லுக்குள் வந்த பொருள்களில் எது திரும்பிப் போக வேண்டும், எது அழிய வேண்டும் என்பது அங்கே பிரிக்கப்படுகிறது. அந்தப் பிரிப்பில் தலையிடும் புரதத்தின் பெயர் பிசிஎஸ்கே9. அது செய்வதைப் புரிந்துகொண்டால் மருந்துச் செய்திகள் தாமாகவே விளங்கிவிடும்.

இரத்த அறிக்கையில் உள்ள எண்

கொலஸ்ட்ரால் ஒரு கொழுப்புப் பொருள். நீரில் கரையாது என்பதால் இரத்தத்தில் தனியாகப் போக முடியாது. கொழுப்பும் புரதமும் சேர்ந்த நுண்துகள்களுக்குள் அடங்கித்தான் அது உடலைச் சுற்றுகிறது. அத்தகைய துகள்களில் ஒன்றுதான் எல்டிஎல். அதன் குறுக்களவு ஏறத்தாழ 22 நானோமீட்டர். உள்ளே சுமார் 1,500 கொலஸ்ட்ரால் எஸ்டர் மூலக்கூறுகள் இருக்கும். வெளியே 4,536 அமினோ அமிலங்கள் கொண்ட அப்போபி-100 என்ற ஒற்றைப் புரதம் சுற்றியிருக்கும். செல்கள் எல்டிஎல்லை அடையாளம் காண்பது இந்தப் புரதத்தைக் கொண்டுதான்.

தென்னாப்பிரிக்க ஆய்வுக்கூடங்கள் எல்டிஎல் அளவை லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று அச்சிடுகின்றன. சென்னையிலோ மதுரையிலோ எடுத்த அறிக்கையில் அது டெசிலிட்டருக்கு மில்லிகிராமாக இருக்கும். நம் எண்ணை 38.67 ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். இங்கே 3 என்பது அங்கே 116. இரண்டு நாட்டு அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த எண் நேற்றுச் சாப்பிட்டதன் கணக்கு அல்ல. இரத்தத்துக்குள் எல்டிஎல் எவ்வளவு வருகிறது, எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்ற இரண்டின் சமநிலைதான் அது. வெளியேற்றுவதில் பெரும் பங்கு, ஏறத்தாழ 70 சதவீதம், கல்லீரலுடையது. கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் எல்டிஎல் ஏற்பிகள் என்ற புரதங்கள்தான் துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. ஏற்பிகள் நிறைய இருந்தால் இரத்தம் விரைவில் தெளியும். குறைந்தால் எல்டிஎல் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டே இருந்து தமனிச் சுவரில் நுழையும்.

உணவுக்கு இதில் பங்கில்லை என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். நெய்யிலும் தேங்காய் எண்ணெயிலும் நிறைந்துள்ள செறிவுற்ற கொழுப்பு, கல்லீரலின் எல்டிஎல் ஏற்பிச் செயல்பாட்டைக் குறைக்கிறது. உணவின் தாக்கமும் பெரும்பாலும் ஏற்பியின் வழியாகவே எண்ணில் தெரிகிறது.

அமெரிக்காவின் டாலஸ் நகரில் மைக்கேல் பிரவுனும் ஜோசஃப் கோல்ட்ஸ்டைனும் 1970களில் இந்த ஏற்பியைக் கண்டறிந்தார்கள். 1985இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் ஆராய்ந்தது கொலஸ்ட்ராலை மட்டுமல்ல. செல் தன் மேற்பரப்பில் உள்ள பொருளை எப்படி உள்ளே எடுத்து, பிரித்து, திருப்பி அனுப்புகிறது என்ற பெரிய பாடமே அதிலிருந்துதான் விரிந்தது.

ஏற்பியின் பத்து நிமிடப் பயணம்

1. ஏற்பி செல் சவ்வில் ஊன்றி நிற்கிறது. அதன் பெரும்பகுதி வெளியே இரத்தத்தை நோக்கி நீண்டிருக்கும். சிறிய வால் செல்லுக்குள் இருக்கும்.

2. எல்டிஎல் துகள் வந்து வெளிப்பகுதியில் ஒட்டிக்கொள்கிறது.

3. உள்ளே இருக்கும் வாலை இணைப்புப் புரதங்கள் பற்றிக்கொள்கின்றன. சவ்வின் அந்த இடம் குழிகிறது. கிளாத்ரின் என்ற புரதம் கூடைப் பின்னல் போன்ற வலையாக அமைந்து அந்தக் குழியைத் தாங்குகிறது.

4. குழி ஆழமாகி, கழுத்து இறுகி, சவ்விலிருந்து அறுபட்டு நுண்பையாக உள்ளே விழுகிறது. கிளாத்ரின் வலை கழன்றுவிடுகிறது.

5. நுண்பை எண்டோசோமுடன் கலக்கிறது. இங்கே எல்டிஎல் துகள் ஏற்பியை விட்டுப் பிரிகிறது.

6. துகள் லைசோசோம் என்ற செரிமான அறைக்குப் போய்ச் சிதைகிறது. அதிலிருந்த கொலஸ்ட்ரால் செல்லின் பயன்பாட்டுக்கு வருகிறது.

7. ஏற்பி மட்டும் மேற்பரப்புக்குத் திரும்புகிறது. அடுத்த துகளைப் பிடிக்கத் தயாராகிறது.

ஒரு சுற்று முடிய ஏறத்தாழ பத்து நிமிடம் ஆகும். ஓர் ஏற்பி தன் ஆயுளில் நூறு சுற்றுக்கு மேல் போய்வருகிறது. டர்பன் துறைமுகத்தில் கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு ஜோஹன்னஸ்பர்க்கில் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லாரியைப் போன்றது இது. சரக்கு தங்கிவிடும், வண்டி திரும்பிவிடும். ஒவ்வொரு சரக்கோடும் லாரியையும் உடைத்துப் போட்டால் துறைமுகத்தில் கன்டெய்னர்கள் தேங்கும். பிசிஎஸ்கே9 செய்வது அதைத்தான்.

பிரிப்பு எப்படி நடக்கிறது?

ஐந்தாவது படிதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி என்பதால் அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

எண்டோசோமின் சவ்வில் புரோட்டான் பம்ப் என்ற புரத இயந்திரம் இருக்கிறது. அது ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பதால் அறை அமிலமாகிறது. அமிலத்தன்மையைக் காட்டும் எண் பிஎச்; அது குறையக் குறைய அமிலம் கூடும். வெளியே இரத்தத்தின் பிஎச் அளவு 7.4. எண்டோசோமில் அது 6 வரை இறங்கி, உள்ளே போகப் போக 5.5க்கு அருகில் வரும். லைசோசோமில் 5க்கும் கீழே போகலாம்.

அமிலம் கூடியவுடன் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. நீண்டு நின்ற ஏற்பி மடங்குகிறது. அதன் நடுவே இருக்கும் விசிறி போன்ற பகுதி, எல்டிஎல் பிடித்துக்கொண்டிருந்த இடத்தின் மேலேயே வந்து அமர்ந்துகொள்கிறது. பிடி விட்டுப் போகிறது, துகள் கழன்று விழுகிறது. அமில நிலையில் மடங்கிய இந்த வடிவத்தின் முப்பரிமாண அமைப்பு 2002இல் வெளியானது. வெளியிலிருந்து யாரும் கட்டளையிடுவதில்லை. வேறு வேறு அறைகளில் வேறு வேறு அமிலத்தன்மை இருப்பதே ஏற்பிக்குச் செய்தி.

துகள் கழன்ற பிறகு இரண்டும் தனித்தனி வழியில் போக வேண்டும். இதை எண்டோசோமின் வடிவமே பாதி செய்துவிடுகிறது. அதன் உடலிலிருந்து மெல்லிய குழாய்கள் நீள்கின்றன. குழாயில் சவ்வின் பரப்பு அதிகம், உள்ளே கொள்ளும் திரவம் குறைவு. சவ்வில் ஊன்றிய ஏற்பிகள் குழாய்களுக்குள் போய்ச் சேர்கின்றன. திரவத்தில் மிதக்கும் துகள்கள் உருண்டையான பகுதியிலேயே தங்கிவிடுகின்றன. குழாய் அறுந்து மேற்பரப்புக்குப் போகிறது. உருண்டைப் பகுதி முதிர்ந்து லைசோசோமை நோக்கிப் போகிறது.

மீதிப் பாதியைப் பிரிக்கும் புரதங்கள் செய்கின்றன. எஸ்என்எக்ஸ்17 என்ற புரதம் ஏற்பியின் வாலில் உள்ள ஒரு குறியை அடையாளம் கண்டு அதைத் திரும்பும் வழியில் சேர்க்கிறது. சிசிசி என்றும் வாஷ் என்றும் பெயர்கொண்ட இரண்டு புரதக் கூட்டங்களும் அதே திசையில் உதவுகின்றன. சிசிசி கூட்டத்தில் ஓர் உறுப்புப் புரதம் பழுதான நோயாளிகளுக்கு இரத்தக் கொலஸ்ட்ரால் உயர்ந்திருந்ததை 2016இல் ஓர் ஆய்வுக் குழு காட்டியது. ஏற்பியில் குறை இல்லாவிட்டாலும் அதைத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டில் குறை இருந்தால் எண் ஏறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அழிவுக்கு அனுப்பவும் ஒரு பொதுவான முறை உண்டு. ஒரு புரதத்தின் வாலில் யூபிக்குவிட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டிவிட்டால், எஸ்கார்ட் எனப்படும் புரதத் தொகுதி அதைப் பிடித்து எண்டோசோமின் உட்பக்கத்தில் இன்னும் சிறிய குமிழாகக் கிள்ளிப்போடும். குமிழோடு புரதமும் லைசோசோமில் கரையும். கல்லீரலில் ஐடால் என்ற நொதி எல்டிஎல் ஏற்பிக்கு இப்படிக் குறியிடுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. எஸ்கார்ட் தொகுதியின் டிஎஸ்ஜி101 என்ற புரதத்தை எச்ஐவி வைரஸ் பிடித்துக்கொண்டு, செல்லிலிருந்து வெளியேறும் கடைசிக் கிள்ளலை அதைக்கொண்டே முடித்துக்கொள்கிறது. 2001இல் இது தெரியவந்தது. குவாசூலு-நட்டால் மாகாணம் எத்தனையோ ஆண்டுகளாகச் சுமந்துவரும் நோயும், நம் இதய நோயும் செல்லுக்குள் ஒரே பிரிப்பறையைத் தொட்டுச் செல்கின்றன. எண்டோசோம் ஆராய்ச்சி தொலைதூர விஷயம் என்று இந்த நாட்டில் யாரும் ஒதுக்க முடியாது.

பிசிஎஸ்கே9 எங்கே குறுக்கிடுகிறது?

பிசிஎஸ்கே9 என்பது 692 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். பெரும்பாலும் கல்லீரல் செல்களே அதைச் செய்து இரத்தத்தில் விடுகின்றன. புரதங்களை வெட்டும் நொதிக் குடும்பத்தில் பிறந்தாலும் அது வெட்டுவது தன்னை மட்டும்தான். வெட்டுண்ட துண்டு விலகாமல் அங்கேயே ஒட்டி, வெட்டும் இடத்தை மூடிவிடுகிறது. ஆகவே பிசிஎஸ்கே9 ஏற்பியை வெட்டி அழிப்பதில்லை. அதன் வேலை ஒட்டிக்கொள்வது.

இரத்தத்தில் மிதந்துவரும் பிசிஎஸ்கே9, கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் எல்டிஎல் ஏற்பியின் ஈஜிஎஃப்-ஏ என்ற பகுதியில் ஒட்டுகிறது. எல்டிஎல் பிடிக்கும் இடம் வேறு, இது வேறு. ஏற்பி வழக்கம்போல் உள்ளே போகிறது, அறை அமிலமாகிறது. எல்டிஎல்லுக்கு அமிலம் என்றால் பிடி விடும் நேரம். பிசிஎஸ்கே9க்கோ நேர்மாறு. அமிலம் கூடக் கூட அதன் பிடி நூறு மடங்குக்கும் மேல் இறுகுகிறது.

பிடி இறுகியதும் ஏற்பியால் முழுமையாக மடங்க முடிவதில்லை. திரும்பும் குழாய்க்குள் சேராமல் உருண்டைப் பகுதியிலேயே நின்றுவிடுகிறது. பிறகு லைசோசோம்தான். எல்டிஎல்லோடு ஏற்பியும் சிதைகிறது. நூறு முறைக்கு மேல் உழைக்க வேண்டிய ஏற்பியின் ஆயுள் அந்தச் சுற்றோடு முடிகிறது.

இந்த அழிவுக்கு யூபிக்குவிட்டின் குறி தேவையில்லை, ஏற்பியின் உள்வாலும் தேவையில்லை என்று சோதனைகள் காட்டியுள்ளன. உயிர்வேதியியல் படிப்பவர்களுக்கு இது வியப்பூட்டும் செய்தி. செல்லுக்கு வெளியே இருந்து வந்த ஒரு புரதம், செல்லின் வழக்கமான குறியிடும் முறையைச் சுற்றிவிட்டு ஏற்பியின் விதியை மாற்றிவிடுகிறது. நோயாளிக்கோ இதுவே நற்செய்தி. எதிரி இரத்தத்தில் வெளிப்படையாக நடமாடுகிறது என்றால் அதை அங்கேயே பிடிக்க மருந்து செய்யலாம்.

பாரிஸ், டாலஸ், ஹராரே

2003இல் மாண்ட்ரியாலில் நபீல் சைதாவின் குழு இந்தப் புரதத்தை விவரித்தது. அதே ஆண்டில் பாரிஸில் மரியான் அபிஃபாதெல், கேத்தரின் புவாலோ ஆகியோரின் குழு, மிக உயர்ந்த கொலஸ்ட்ரால் பரம்பரையாக வரும் பிரெஞ்சுக் குடும்பங்களில் பிசிஎஸ்கே9 மரபணு மாறியிருப்பதைக் கண்டது. அந்த மாற்றங்கள் புரதத்தைப் பழுதாக்கவில்லை, அதன் வேகத்தைக் கூட்டின.

அப்படியானால் புரதம் பழுதானவர்களுக்குக் கொலஸ்ட்ரால் குறைந்திருக்க வேண்டுமே? ஹெலன் ஹாப்ஸ், ஜோனத்தன் கோஹென் இருவரும் டாலஸில் இதைத் தேடினார்கள். ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தினரிடம் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக வரும் பிசிஎஸ்கே9 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றைச் செயலிழக்கச் செய்யும் மாற்றங்கள் இருந்தன. 2006இல் அவர்கள் வெளியிட்ட 15 ஆண்டு ஆய்வில், இப்படிப்பட்டவர்களின் எல்டிஎல் 28 சதவீதம் குறைவாக இருந்தது. இதயத் தமனி நோயோ 88 சதவீதம் குறைவு.

28க்கும் 88க்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஐம்பது வயதில் மாத்திரை தொடங்கி எல்டிஎல்லை அதே அளவு குறைத்தால் இத்தனை பாதுகாப்பு கிடைப்பதில்லை. பிறந்த நாள் முதல் குறைவாக இருந்ததுதான் வேறுபாடு. தமனிச் சுவர் கணக்கு வைப்பது இன்றைய எண்ணை மட்டுமல்ல, அத்தனை ஆண்டுகளின் மொத்தத்தை. இந்த ஒரு முடிவு மருத்துவர்களின் சிந்தனையையே மாற்றியது என்று சொல்வது மிகையாகாது.

தென்னாப்பிரிக்கப் பகுதிக்கும் இதில் பங்கு உண்டு. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் டேவிட் மரே உள்ளிட்ட குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயின் பேறுகாலப் பெண்களிடம் அதே செயலிழப்பு மாற்றங்களில் ஒன்று, சி679எக்ஸ், 3.7 சதவீத அளவில் காணப்பட்டது. அவர்களில் ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டு பிரதிகளும் செயலிழந்திருந்தன. அவருடைய எல்டிஎல் லிட்டருக்கு 0.4 மில்லிமோல். நம் ஊர் அறிக்கைகளில் 3, 4 என்ற எண்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அச்சுப்பிழை போலத் தோன்றும். ஆனால் அவர் நலமாக இருந்தார், தாயாகவும் இருந்தார். இந்தப் புரதத்தைத் தடுத்தால் உடலுக்குக் கேடு வருமோ என்ற அச்சத்துக்கு இயற்கையே தந்த பதில் அது.

ஸ்டாட்டினின் அளவைக் கூட்டினாலும் எண் ஏன் இறங்குவதில்லை?

ஸ்டாட்டின், செல் தனக்குள் கொலஸ்ட்ரால் செய்யும் வழியை அடைக்கிறது. உள்ளே கொலஸ்ட்ரால் குறைந்ததும் எஸ்ஆர்இபிபி-2 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் விழித்து, எல்டிஎல் ஏற்பிகளை அதிகம் செய்யச் சொல்கிறது. ஸ்டாட்டினின் பயன் இதனால்தான். ஆனால் அதே கட்டுப்பாட்டுப் புரதம் பிசிஎஸ்கே9 உற்பத்தியையும் கூட்டிவிடுகிறது. புதிய ஏற்பிகள் வருகின்றன, அவற்றை அழிப்பதும் கூடவே பெருகுகிறது.

அளவை இரட்டித்தால் எல்டிஎல் மேலும் ஏறத்தாழ 6 சதவீதம்தான் இறங்கும் என்பது மருத்துவர்கள் அறிந்த விதி. அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களில் பிசிஎஸ்கே9 முக்கியமானது. மருந்து வேலை செய்யவில்லை என்று நோயாளி மாத்திரையைத் தூக்கி எறிவது இந்த இடத்தில்தான் நடக்கிறது. அது தவறான முடிவு. மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதன் பலனில் ஒரு பகுதியை இன்னொரு புரதம் விழுங்குகிறது. ஆகவே பிசிஎஸ்கே9ஐத் தடுக்கும் மருந்து ஸ்டாட்டினுக்கு மாற்றாக அல்ல, துணையாகவே பெரும்பாலும் தரப்படுகிறது.

ஊசிகள் இரண்டு வகை

முதல் வகை, குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதங்களான எதிர்ப்பான்கள்: அலிரோகுமாப், எவோலோகுமாப். இரண்டுக்கும் 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இவை இரத்தத்தில் சுற்றும் பிசிஎஸ்கே9ஐப் பிடித்து, ஏற்பியில் ஒட்டவிடாமல் செய்கின்றன. கல்லீரல் புதிதாகச் செய்துகொண்டே இருப்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ ஊசி தேவை. 27,564 பேர் பங்கேற்ற ஃபூரியர் ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டிருந்தவர்களிடமே எவோலோகுமாப் எல்டிஎல்லை மேலும் 59 சதவீதம் குறைத்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற முதன்மை நிகழ்வுகள் 15 சதவீதம் குறைந்தன. நினைவாற்றல் கெடுமோ என்று தனியாகச் சோதித்ததில் வேறுபாடு தெரியவில்லை.

இரண்டாம் வகை இன்க்ளிசிரான். செய்திகளில் அடிபடும் ஆறு மாத ஊசி இதுதான். முதல் ஊசி, மூன்று மாதம் கழித்து இரண்டாவது, அதன் பின் ஆறு மாதத்துக்கு ஒன்று. ஐரோப்பாவில் 2020 டிசம்பரிலும் அமெரிக்காவில் 2021 டிசம்பரிலும் அனுமதி பெற்றது. பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயாளிகள் 482 பேரிடம் இதைச் சோதித்த ஓரியன்-9 ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் ஜோஹன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரெடெரிக் ரால். மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே எல்டிஎல் மாற்றத்தில் ஏறத்தாழ 48 சதவீதப் புள்ளி வேறுபாடு இருந்தது.

இன்க்ளிசிரான் ஒரு குறுகிய இரட்டை இழை ஆர்என்ஏ. மரபணுவிலிருந்து புரதம் செய்ய ஒரு நகல் எடுக்கப்படும், அதற்குத் தூது ஆர்என்ஏ என்று பெயர். பிசிஎஸ்கே9இன் அந்த நகலை இந்த மருந்து அழித்துவிடுகிறது. நகல் இல்லையென்றால் புரதம் இல்லை.

ஆறு மாதம் எப்படித் தாங்குகிறது என்பதற்கான விடை மறுபடியும் எண்டோசோமில்தான் இருக்கிறது. மருந்தின் ஒரு முனையில் மூன்று சர்க்கரை மூலக்கூறுகள் இணைக்கப்பட்டுள்ளன. கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் அந்தச் சர்க்கரையைப் பிடிக்கும் வேறோர் ஏற்பி ஏராளமாக இருக்கிறது. அது மருந்தைப் பிடித்து, கிளாத்ரின் குழி வழியாக எண்டோசோமுக்குள் கொண்டுபோகிறது. அங்கே ஏற்பி மருந்தை விட்டுவிட்டுத் திரும்புகிறது. உள்ளே தங்கிய மருந்தில் மிகச் சிறு பங்குதான் சவ்வைத் தாண்டிச் செல்லின் திரவத்துக்கு வருகிறது. ஒரே நாளில் அல்ல, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசிகிறது. சிதையாதபடி வேதி மாற்றம் செய்யப்பட்டிருப்பதால் அமில அறைகளில் அது தாக்குப்பிடிக்கிறது. கசிந்து வந்த ஓர் இழை செல்லின் புரதக் கருவியில் அமர்ந்து, நகல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டிக்கொண்டே இருக்கிறது. ஏற்பிகளை அழிவுக்கு அனுப்பிய அதே பாதையே மருந்தின் கிடங்காகவும் ஆகியிருக்கிறது.

தொடக்கத்தில் எழுப்பிய ஐயங்களுக்கு இனி சுருக்கமாகவே பதில் சொல்லலாம். இது தடுப்பூசி அல்ல, நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் பழக்குவதில்லை. மரபணுவையும் மாற்றுவதில்லை. மரபணு செல்லின் உட்கருவில் இருக்கிறது, இந்த மருந்து வேலை செய்வதோ உட்கருவுக்கு வெளியே, நகலின் மீது. நிறுத்தினால் பிசிஎஸ்கே9 மெல்லப் பழைய அளவுக்கு வந்துவிடும். பிசிஎஸ்கே9 மரபணுவையே திருத்தும் சிகிச்சை வேறு, அது சிறிய அளவில் மனிதரிடம் சோதிக்கப்பட்டுவருகிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிய செய்திகளே வீண் அச்சத்தைக் கிளப்புகின்றன.

எல்லோருக்கும் பலிக்குமா?

பலிக்காது. காரணத்தை ஏற்பியின் பயணத்திலிருந்தே ஊகிக்கலாம். பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்ட்ரால் நோயில் எல்டிஎல் ஏற்பியின் மரபணு பழுதாகிறது. பழுது ஐந்து வகைப்படும்:

1. ஏற்பியே உருவாவதில்லை.

2. உருவாகிறது, ஆனால் செல்லின் உற்பத்தி அறையிலிருந்து மேற்பரப்புக்கு வந்து சேருவதில்லை, அல்லது மிகத் தாமதமாக வருகிறது.

3. மேற்பரப்பில் நிற்கிறது, ஆனால் எல்டிஎல்லைப் பிடிக்க முடிவதில்லை.

4. பிடிக்கிறது, ஆனால் உள்ளே போவதில்லை. வாலில் குறை.

5. உள்ளே போகிறது, ஆனால் எண்டோசோமில் துகளை விட முடியாமல் திரும்பும் வழியை இழக்கிறது.

தந்தை தாய் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுது வந்தவருக்கு மற்றப் பிரதி நன்றாக இருக்கும். அந்த நல்ல ஏற்பிகளை அழிவிலிருந்து காத்தால் பலன் உண்டு. இரண்டு பிரதிகளும் முதல் வகையில் பழுதாகி, ஏற்பியே இல்லாதவருக்கு பிசிஎஸ்கே9 தடுப்பு உதவாது. காக்க ஏற்பி இருந்தால்தானே? அவர்களுக்கு ஏற்பியைச் சாராத மருந்து வேண்டும். ஏஎன்ஜிபிடிஎல்3 என்ற வேறொரு புரதத்தைத் தடுக்கும் எவினாகுமாப் அத்தகையது. 2020இல் வெளியான அதன் முக்கிய ஆய்விலும் ராலின் பெயர் முதலில் இருக்கிறது. இந்த அரிய நோயின் சிகிச்சை வரலாற்றில் ஜோஹன்னஸ்பர்க்குக்குப் பெரிய இடம் இருப்பதற்குக் காரணம், இந்த நாட்டில் நோயாளிகள் அதிகம் என்பதே.

தென்னாப்பிரிக்கக் குடும்பங்களில்

உலக அளவில் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் இந்தப் பரம்பரை நோயின் ஒற்றைப் பிரதிப் பழுது உண்டு. ஆஃப்ரிகானர் மக்களிடம் அது 70 முதல் 100 பேருக்கு ஒருவர். சிறிய எண்ணிக்கையில் வந்து குடியேறிய முன்னோர் சிலரிடம் இருந்த மூன்று மரபணு மாற்றங்கள் வழிவழியாகப் பெருகியதே காரணம். லித்துவேனியாவிலிருந்து வந்த யூதர்களிடமும் இப்படி ஒரு மாற்றம் உண்டு. குஜராத்தி வம்சாவளி இந்தியர்களிடமும் ஒன்று பதிவாகியுள்ளது. ஆக, இந்தியர் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லோரையும் அடைத்துவிட்டால் மரபியல் கணக்கு தவறிவிடும். தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், இந்துஸ்தானியர் என்று குடும்பத்தின் வேர் எது என்பதை மருத்துவரிடம் சொல்வது பயனுள்ள செய்தி.

நெருங்கிய உறவில் திருமணம் என்ற வழக்கத்தையும் இங்கே பேசியாக வேண்டும். மாமன் மகள், அத்தை மகன், சில குடும்பங்களில் தாய்மாமன் என்று பெண் கொடுத்து எடுத்த வழக்கம் நம் முன்னோருடன் கப்பலேறி வந்தது. இருவரும் ஒரே தாத்தாவிடமிருந்து ஒரே பழுதைப் பெற்றிருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இரண்டு பிரதிகளும் பழுதாவதற்கு. அப்படிப் பிறந்த குழந்தையின் எல்டிஎல் சிகிச்சையின்றி லிட்டருக்கு 13 மில்லிமோலுக்கும் மேல் போகலாம், பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரலாம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. உறவில் மணந்த தம்பதியர் இருவரும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் பெரும் துயரத்தை முன்கூட்டியே அறியலாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

இந்தப் பரம்பரை நோய் குறித்துச் சந்தேகம் எழ வேண்டிய அறிகுறிகள் கண்ணுக்கும் கைக்கும் எட்டுபவை. சிகிச்சை இல்லாத நிலையில் எல்டிஎல் 4.9க்கு மேல் இருப்பது முதல் அறிகுறி. குதிகாலுக்கு மேலே பின்பக்கம் ஓடும் தசைநாணை விரல்களுக்கு நடுவே பிடித்துப் பார்த்தால், அது மெல்லிய கயிறு போல் இல்லாமல் தடித்து முடிச்சு முடிச்சாக இருப்பது இன்னொன்று. அங்கே படிந்திருப்பது கொலஸ்ட்ரால். 45 வயதுக்கு முன்பே கருவிழியின் ஓரத்தில் சாம்பல் வெள்ளை வளையம் தெரிவது மூன்றாவது. தந்தையோ சித்தப்பாவோ 55 வயதுக்கு முன்பும், தாயோ அத்தையோ 60 வயதுக்கு முன்பும் மாரடைப்பு கண்டிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒருவருக்கு நோய் உறுதியானால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர்களைச் சோதிக்க விலையுயர்ந்த மரபணுச் சோதனை கட்டாயமில்லை, எல்டிஎல் எண்ணே பெரும்பாலும் போதும். மருத்துவக் காப்புத் திட்டங்கள் கட்டாயம் ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்களின் பட்டியலில் மிகைக் கொழுப்பு நோயும் இருக்கிறது என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். ஊசிகளின் விலை பலருக்கு எட்டாதது. ஆனால் ஸ்டாட்டின் மலிவு, அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்கிறது. ஊசிக்காகக் காத்திருந்து மாத்திரையைத் தள்ளிப்போடுவதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. பிள்ளைகளுக்கு ஸ்டாட்டினை 8 முதல் 10 வயதுக்குள் தொடங்கலாம் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். ஆகவே பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருப்பது தெரிந்தால், பிள்ளையின் முதல் எல்டிஎல் பரிசோதனையை அந்த வயதுக்கு முன்பே செய்துவிட வேண்டும்.